குண்டு விழுந்த தூரம்

கடலூரில் ஒரு பழைய கணக்கு உண்டு.
தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிரயம் பேசி முடித்ததும்
கும்பினிக்காரன் பீரங்கியைத் திருப்பிச் சுட்டானாம்.
குண்டு போய் விழுந்த மட்டும்
அவன் நிலம்.
அதற்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமம்.
நில அளவர் பயிற்சியில் இதைச் சொன்னபோது
எல்லாரும் சிரித்தோம்.
சங்கிலி இல்லை, கல் இல்லை,
காற்று சாதகமாய் அடித்தால் நாலு காணி கூடுதல்.

விழுந்த இடத்தில் அந்நேரம்
யாராவது நண்டு துழாவிக்கொண்டிருந்தார்களா என்று
ஒருவரும் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உப்பனாற்றங்கரை, புல எண் முந்நூற்றுப் பதினேழு.
வேம்புலி கையால் பிடிக்கிறவன்.
வலை கிடையாது, தூண்டில் கிடையாது.
கழுத்தளவு நீரில் குந்தியபடி நகர்ந்து
சேற்றில் விரல்விட்டு, துள்ளும் முன்னே அமுக்கி
பல்லில் கவ்விய பறிக்குள் போடவேண்டும்.
பல்லில் பறி இருக்கிறவரை
ஆள் பேச முடியாது.
டார்ச் அடித்து
"யார்டா அது" என்று பண்ணை ஆட்கள் கத்தியபோது
அவன் பதில் சொல்லாததற்குக் காரணம்
அவ்வளவுதான்.
திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஓடையை மறித்து இறால் பண்ணைக்குக் கரை போட்டது
புரட்டாசியில்.
மோட்டார் கொட்டகைத் தூணில் அவனைக் கட்டியது
தை கடைசியில், ஓர் இரவு முழுக்க.
விடிந்ததும் தீர்ப்பு:
நாலாயிரம் ரூபாய், தலைமுடி.
"கோர்ட்டுக்குப் போனால்
வாய்தா வாங்கவே வருசம் ஓடிடும் சார்,
இங்க அரைமணி நேரம்" என்றார் பண்ணைக்காரர்.
தன்மையாகத்தான் பேசினார்,
எனக்கு நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி.

அவன் மனைவி எட்டியம்மா
திங்கட்கிழமை மனுவோடு நின்றாள்.
எழுதிக் கொடுத்தவருக்கு ஐம்பது ரூபாய்.
இருளர் என்பதற்குச் சான்று உண்டா என்றார்கள்.
முந்தானைக்குள்ளிருந்து பறியை எடுத்து
மேசைமேல் வைத்தாள்.
விளிம்பில் பல் பதிந்த தடம்.
ஈரம் காகிதத்தில் இறங்குகிறது, எடு என்றார்கள்.

அதிசயமாக எட்டே நாளில்
அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது.
ஜி.பி.எஸ் கருவியை நட்டேன்.
புலப்படத்தை விரித்தேன்.
கரை, கொட்டகை, தூண் மூன்றும்
ஓடைப் புறம்போக்கில்
பதினோரு மீட்டர் உள்ளே.
கட்டியவன்தான் அத்துமீறி நுழைந்தவன்.
தூணில் கயிறு அறுத்த பள்ளம்,
இடுப்பு உயரத்தில் ஒன்று,
கழுத்து உயரத்தில் ஒன்று.
அதை அளக்க
படிவத்தில் கட்டம் இல்லை.

திரும்பும்போது வண்டியின் பின்னால்
யாரோ தெர்மோகோல் பெட்டி கட்டியிருந்தார்கள்.
வழியெல்லாம் ஐஸ் உருகி
என் காலில் சொட்டியது.
பெரிய ரகம். என் மகள்
இன்னும் இரண்டு கேட்டாள்.
அன்றிரவு அறிக்கையில் எழுதினேன்:
சிறு ஆக்கிரமிப்பு, வரன்முறைப்படுத்தத் தக்கது.
கருவி பதினோரு மீட்டர் சொன்னது.
குண்டைத் தூக்கி எறிந்தது
பேனா.

மாசி மகம். வெள்ளிக் கடற்கரை.
பல்லக்குகள், நாயனம், பலூன்காரர்கள்,
கடல் தெரியாத அளவுக்குத் தலைகள்.
அதில் ஒரு தலை, அரை விரற்கடை முளைத்தது.
பக்கத்தில் நின்றவர் வாஞ்சையாகக் கேட்டார்:
"பழனியா, திருப்பதியா, எங்க குடுத்தீங்க முடி?"
வேம்புலி சொன்னான்:
"உப்பனாறு."
அப்படி ஒரு கோயில் இருப்பதுபோல
அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று ஆள் தள்ளி
நானும் இடுப்பளவு தண்ணீரில்தான் நின்றேன்.
என் பல்லில்
பறி எதுவும் இல்லை.